கலாவதி ஒற்றைக்காலில் நின்றது

கறுப்பு பெல்ட் பரீட்சைக்கு ஃபைல் எடுத்துக்கொண்டு போனவள் கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் கலாவதி ஒருத்தியாகத்தான் இருக்கும். விசா இன்டர்வியூ நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். எந்தக் கேள்விக்கும் ஒரு காகிதம் கையில் இருக்கவேண்டும், எதற்கும் 'தெரியாது' என்று சொல்லிவிடக் கூடாது. ஜப்பான் தீவான ஒகினாவாவின் கராத்தேக்குள் கொக்கு எப்படி வந்தது என்று பன்னிரண்டு பக்கம் பிரின்ட் எடுத்து, மஞ்சள் ஒட்டுத்தாள் வைத்து, மனப்பாடம் செய்திருந்தாள்.

போன வருஷம் ஒரு தடவை தோற்றாயிற்று. இந்தத் தடவையும் தோற்றால், அந்தக் கராத்தேப் பள்ளியின் விதிப்படி இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. இடது முழங்கால் அதுவரை தாங்குமா என்று கேட்டதற்கு டாக்டர் எக்ஸ்ரேயை இன்னொரு தடவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஆக, இன்றைக்கு இல்லையென்றால் என்றைக்கும் இல்லை.

கோபிசெட்டிபாளையத்துக்காரி. சிப் சோதிக்கும் கம்பெனியில் வேலை. கராத்தேயில் முதலில் சேர்ந்தது அவளல்ல, மகள் ஓவியா. வகுப்பு முடியும்வரை கலாவதி வாசல் நாற்காலியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பச்சை பெல்ட்டோடு ஓவியா, "ஐ ஆம் டன், அம்மா" என்று சொல்லி நீச்சலுக்கு மாறிவிட்டாள். அடுத்த வாரம் கலாவதி மட்டும் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அதற்கு ஒன்பது வருஷமாகிறது.

முதல் தடவை அவளைக் கவிழ்த்தது கொக்கு நிலைதான். காட்டா என்கிற அந்த அசைவு வரிசையில் மூன்று இடத்தில் ஒரு காலை மடக்கித் தூக்கிக் கைகளைச் சிறகாக விரிக்க வேண்டும். மூன்றாவது இடத்தில் தள்ளாடிவிட்டாள். அன்றிலிருந்து பல் தேய்க்கும்போது ஒரு கால், குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது ஒரு கால், ஆபீஸ் லேபில் சோதனை ஓடும்போது ஒரு கால். கணவன் நஞ்சுண்டன் ஊருக்குப் போன் போட்டால் இதைத்தான் சொல்லுவான். "எங்கூட்டுக்காரி கராத்தேக்கு ஒத்தக்கால்ல நிக்கறாளுங்க. சும்மா பேச்சுக்குச் சொல்லலீங்க, நெசமாவே நிக்கறா." அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாகும். கலாவதிக்கும் அந்தச் சொல் பிடித்திருந்தது. பிடிவாதமாக நின்றால் எதுவும் கிடைக்கும் என்றுதானே இந்த நாட்டில் இத்தனை வருஷம் தள்ளியிருக்கிறாள்.

பரீட்சை எடுக்க சாக்ரமென்டோவிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், ஒகினாவாவில் பல வருஷம் பயின்றவர். கலாவதி காட்டாவைச் செய்தாள். மூன்று இடத்திலும் மனசுக்குள் எட்டு எண்ணும்வரை சிலையாக நின்றாள். துளி ஆட்டம் இல்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தால், அந்த அம்மாள் முகத்தில் ஒன்றுமில்லை. ஏதோ எழுதினார். பேனா சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அவளோடு பயிலும் ஆதர்ஷைக் கூப்பிட்டார். சென்னைப் பையன், முப்பது வயது, ஆறடி. கொக்கு நிலையில் நிற்பவளைக் காலால் வாரிவிடச் சொன்னார். அவன் கிட்டே வந்து, உதடு அசையாமல், "ஆன்ட்டி, மெதுவா பண்ணட்டுமா?" என்றான்.

"வேண்டாங் கண்ணு. அவங்க பார்த்துருவாங்க."

கலாவதி காலைத் தூக்கினாள், நின்றாள். ஆதர்ஷின் பாதம் அவள் ஊன்றிய காலை வாரியது. பாயில் பக்கவாட்டில் விழுந்தாள். எழுந்தபோது காதெல்லாம் சூடாக இருந்தது.

பறவை எதற்காக ஒரு காலில் இருக்கிறது என்று அந்த அம்மாள் ஆங்கிலத்தில் கேட்டார். ஃபைலைத் திறக்கத் தேவையே இல்லை, கலாவதிக்கு எல்லாம் கொட்டியது. தென்சீனத்து ஃபூஜியனில் ஒரு பெண் கழியால் ஒரு கொக்கை விரட்டப் போனாளாம். அது அடிபடாமல் விலகி, காலைத் தூக்கி, சிறகால் தடுத்து, அலகால் குத்தியதாம். அதைப் பார்த்து அவள் அமைத்ததுதான் வெள்ளைக் கொக்குச் சண்டை. வியாபாரத்துக்கும் படிப்புக்கும் ஃபூஜியனின் துறைமுகமான ஃபூஜோவுக்குப் போய்வந்த ஒகினாவாக்காரர்கள் அதைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தார்கள்.

அந்தப் பெண் உண்மையில் இருந்தாளா என்று யாருக்கும் தெரியாது, என்றார் அம்மாள். நீ சொன்னது அது எங்கிருந்து வந்தது என்பதை. நான் கேட்டது எதற்கு என்று.

"பேலன்ஸுக்கு" என்றாள் கலாவதி. சொல்லும்போதே தப்பு என்று தெரிந்துவிட்டது.

இன்னும் ஒரே ஒரு தடவை, என்றார் அவர். ஆதர்ஷ் எதிரே வந்து நின்றான்.

இந்தத் தடவை அவன் காத்திருக்கவில்லை. அவள் காலைத் தூக்குவதற்கு முன்பே, இரண்டு காலும் தரையில் இருக்கும்போதே வந்தான். குறி இடது கால். அந்த முழங்காலில் பட்டால் கதை முடிந்தது. பயத்தில் அதை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அவன் கால் வெறும் காற்றை வாரிக்கொண்டு போயிற்று. அடி குறி தவறியதில் அவன் உடம்பு முன்னால் சாய, அவள் கை தானாக விரிந்து அவன் தோளைத் தள்ளிற்று. தூக்கிய கால் உதையாக இறங்கி அவன் தொடையருகே நின்றது.

கலாவதி நிற்கவே இல்லை. நிற்க நேரம் எங்கே இருந்தது?

"நிக்கறதுக்கு இல்லீங்க அது" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள். பிறகு ஆங்கிலம் தேடிப் பிடித்துச் சொன்னாள். கால் மேலே போவது அதை ஒருத்தன் வார வருகிறான் என்பதனால். கீழே வருவது உதைக்க. நடுவில் இருப்பது கண்ணிமைக்கும் நேரம். அவள் ஒரு வருஷமாகப் பழகியது அந்த நேரத்தை எட்டு வினாடியாக இழுப்பதற்கு.

அம்மாள் மறுபடி முதலிலிருந்து காட்டாவைச் செய்யச் சொன்னார். முதல் கொக்கில் எண்ணவில்லை, இழுத்தாள், இறக்கினாள். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் முழங்கால் லேசாக மடங்கிற்று. போன வருஷம் தள்ளாடிய அதே இடம். ஆனால் அதற்குள் அவள் அங்கே இல்லை, அடுத்த அடிக்குப் போயிருந்தாள்.

பேனா சத்தம். கலாவதியின் பெயரை 'கல்வாட்டி' என்று கூப்பிட்டு, மடித்த கறுப்பு பெல்ட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

முதலில் இடுப்பிலிருந்த பழைய பழுப்பு பெல்ட்டை அவிழ்க்கவேண்டும். விழுந்த விழுகையில் முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஆதர்ஷ் முட்டி போட்டு உட்கார்ந்து, "இருங்க ஆன்ட்டி, நான் பாக்கறேன்" என்று நகத்தால் முடிச்சை நெம்ப ஆரம்பித்தான்.