முழங்கால் ஆழக் கடல்

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை கடல் உள்வாங்கியதும், கோழி இறகு கட்டிய தூண்டிலோடு முழங்கால் தண்ணீரில் நடக்கப் போய்விடுவார். ஒன்பது வருடமாகச் சட்டிக்கு ஒரு மீன் வந்ததில்லை.

"இடம் தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டுப் போங்க அத்தான்" என்றால், "அவன் காட்டுனா அது அவன் மீன்டா" என்பார். வீம்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

முதல் வருடமே மணலில் புதைந்து கிடந்த திருக்கை மீனை மிதித்து, அதன் வால்முள்ளால் குதிகாலில் குத்து வாங்கினார். அன்றிலிருந்து காலைத் தூக்காமல் மணலோடு இழுத்துத்தான் நடப்பார். அந்த அதிர்வில் திருக்கை ஓடிவிடும். மீனும்தான் ஓடிவிடும்.

போன ஞாயிறு நானும் கூடப் போனேன். எங்களுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பெரிய மீன் தலையை மணலில் நுழைத்து மேய, அதன் வால் தண்ணீருக்கு மேலே ஆடியது. எதிர்காற்றில் இறகு அவ்வளவு தூரம் போகாது. சத்தமில்லாமல் இரண்டடி எடுத்து வைத்தால் போதும். வலது காலைத் தூக்கினார். கீழே வைக்கவே இல்லை. கொக்கு மீனுக்காக ஒற்றைக் காலில் நிற்கும். இவர் மீன் வந்த பிறகு நின்றார். வால் மெல்ல முழுகியது.

வீட்டுக்குள்ளும் காலை இழுத்துக்கொண்டே நுழைந்தார். அக்கா சொன்னாள்: "இங்க திருக்கை இல்லைங்க. காலைத் தூக்கி நடங்க."

அவர் தரையை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு இழுத்துக்கொண்டே போனார்.