இறங்காத வரைக்கும்

நோய் முதலில் தெரிந்தது செருப்பில். அவிநாசிக் கோயிலுக்குப் போய்விட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தோம். என் வீட்டுக்காரரின் வலது கால் செருப்பு பத்தடி பின்னால் கிடந்தது. அது கழன்றதே தெரியாமல் அவர் வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்தார். "நெனப்பெல்லாம் எங்கீங்க இருக்குது?" என்று திட்டிவிட்டு நான்தான் போய் எடுத்து வந்தேன். பிறகு அது அடிக்கடி நடந்தது. நடக்கும்போது வலது கை வீசாமல் தொங்கியது. கையெழுத்து பொடிப்பொடியாகச் சுருங்கியது. ஒரு வருடம் வரைக்கும் எல்லாவற்றுக்கும் வயசு என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

கோவையில் நரம்பியல் மருத்துவர் அவரை நடக்கவிட்டு, விரல்களைத் தட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, பார்க்கின்சன் (மூளையில் உடல் அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற பொருள் குறைந்துகொண்டே போகும் நோய்) என்றார்.

"கொணமாகாதுங்களா?" என்று கேட்டேன்.

"குணமாகாதும்மா. தள்ளிப்போடலாம். மாத்திரை நேரம் தவறக் கூடாது. உடம்பு அசைஞ்சுட்டே இருக்கணும். படுத்துட்டா போச்சு."

வீட்டில் இதே நோயோடு ஒருவரை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கருமத்தம்பட்டிப் பக்கம். அவர் விசைத்தறிக் குடோன்களில் தறி ரிப்பேர் பார்க்கும் மேஸ்திரி. முப்பது வருடம் சைக்கிளிலேயே குடோன் குடோனாகப் போனவர். மரியாதை கொஞ்சம் அதிகம். சைக்கிளில் உட்கார்ந்தபடி யாருக்கும் பதில் சொல்ல மாட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை கூப்பிட்டாலும் இறங்கி நின்றுதான் "சொல்லு கண்ணு" என்பார். கல்யாணமான புதிதில் எனக்கு அது பெருமையாக இருந்தது. பால் வாங்கப் போனவர் ஆறு பேருக்கு இறங்கிவிட்டு வருவதற்குள் காபி நேரம் முடிந்துவிடும் என்று தெரிந்த பிறகு எரிச்சலாகிவிட்டது.

நான் நேர் எதிர். சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். நூறு பிள்ளைகளைத் தட்டோடு வரிசையில் நிறுத்திய குரல். தெருமுனையில் நின்று கூப்பிட்டால் அடுத்த தெருவில் கேட்கும் என்று என்னைக் கேலி செய்வார்கள். செய்யட்டும் என்று இருந்தேன்.

மாத்திரையும் பயிற்சியுமாக இரண்டு வருடம் ஓடியது. வாரம் இரண்டு நாள் கோவைக்குப் பேருந்தில் போய் இயன்முறைப் பயிற்சி (தசைகளையும் நடையையும் பழக்கும் சிகிச்சை) எடுத்தோம். அப்போதுதான் ஊரடங்கு வந்தது. பேருந்து நின்றது, பயிற்சி மையம் மூடியது, தறிகள் நின்றன. காலையில் மைதானத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த நடையும் நின்றது. யாரும் வெளியே வரக் கூடாது.

மூன்றாவது வாரம் குளியலறை வாசலில் அவர் நின்றுவிட்டார். உடம்பு முன்னால் சாய்கிறது, இரண்டு பாதமும் தரையை விட்டு வர மறுக்கிறது. இதற்கு உறைதல் (நடக்கும்போது கால் திடீரென்று தரையோடு ஒட்டிக்கொள்வது) என்று பெயர். அன்று முக்கால் மணி நேரம் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இழுத்தேன், தள்ளினேன், கெஞ்சினேன். கடைசியில் அங்கேயே சிறுநீர் போய்விட்டது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெங்களூரில் இருக்கும் மகள் கவிதா தொலைபேசியில் ஏதேதோ படித்துச் சொன்னாள். தரையில் குறுக்குக் கோடு போட்டால் அதைத் தாண்டக் கால் எழும்புமாம். கோலமாவில் வீடு முழுக்கக் கோடு போட்டேன். நாலு நாள் தாண்டினார். ஐந்தாம் நாள் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். வெளியே உலகமே பூட்டிக் கிடந்தது. நோய்க்கு மட்டும் ஊரடங்கு கிடையாது.

சைக்கிள் யோசனை அவருடையதுதான். கவிதா பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேடீஸ் சைக்கிள், முன்னால் கூடையோடு, வாசலில் துரு ஏறி நின்றது. ஒருநாள் நடுவாசலில் உறைந்தவர் பிடிமானத்துக்கு அதன் ஹேண்டில்பாரைப் பிடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏம்புள்ள, ஒருக்கா ஏறிப் பாக்கட்டா?" என்றார்.

"நடக்கவே வழியக் காணோம், இதுல சைக்கிள் வேற கேக்குதுங்களா?" என்றேன்.

அவர் பிடியை விடவில்லை. காற்றடித்தேன், செயினுக்கு எண்ணெய் விட்டேன். வாசற்படிக் கல்லோடு சைக்கிளை அணைத்து நிறுத்தி, அவர் காலைத் தூக்கி உள்ளே வைத்து, கேரியரைப் பிடித்துத் தள்ளினேன். நாலடி என்னோடு வந்தார். அப்புறம் என் கையில் கேரியர் இல்லை.

போனார். நோய் வருவதற்கு முன்னால் போன மாதிரியே போனார். முதுகு நிமிர்ந்திருந்தது. தெருக்கோடியில் அகலமாக வளைந்து திரும்பி வந்தார். அந்த முகத்தில் பல மாதமாகச் சிரிப்பு வந்ததில்லை (இந்த நோயில் முகத் தசைகளும் இறுகிவிடும்). அன்று சிரித்தார். நான் நடுத்தெருவில் நின்று அழுதேன், வெட்கமே இல்லாமல்.

மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டேன். இப்படிச் சிலருக்கு உண்டு என்றார். நடக்க உறைகிற கால் பெடலில் உறையாது. ஏன் என்று முழுதாகத் தெரியவில்லையாம். "ஆனா ஏறும்போதும் இறங்கும்போதும் ஆபத்தும்மா. நடுவுல நிக்கவே கூடாது" என்றார். உங்கள் வீட்டில் யாரையும் மருத்துவரைக் கேட்காமல் இப்படி ஏற்றிவிடாதீர்கள். எல்லோருக்கும் இது வராது.

இறங்குவதற்கு ஒரு முறை வைத்துக்கொண்டோம். வாசற்கல்லுக்கு நேராக வருவார், நான் கேரியரைப் பிடித்து நிறுத்துவேன், அவர் கல்லில் காலை ஊன்றுவார். வேறு எங்கும் இறங்கக் கூடாது. தெருவில் வீடு வீடாகப் போய், "அவரு சைக்கிள்ல போறப்ப ஆரும் கூப்புடாதீங்க, கூப்புட்டா எறங்கீருவாரு, எறங்குனா உழுந்துருவாரு" என்று சொல்லி வைத்தேன். முகக்கவசத்துக்குள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நடக்க முடியாதவர் சைக்கிள் மட்டும் எப்படி ஓட்டுகிறார், எல்லாம் பாசாங்கு என்று ஒரு பேச்சு கிளம்பியது. யாரோ புகாரும் சொல்லிவிட்டார்கள். ஒரு காலை கான்ஸ்டபிள் ஒருவர் தெருமுனையில் அவரைக் கை காட்டி நிறுத்தினார்.

அவர் மரியாதையாக இறங்கினார். எப்படியோ விழாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு உறைந்து நின்றார். நான் ஓடிப் போவதற்குள் அந்தப் பையன், "வீட்டுக்குப் போங்க, போங்கன்னா ஏன் நிக்கறீங்க? குடிச்சிருக்கீங்களா?" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

"கடையே ஒரு மாசமா மூடிக் கெடக்குது, எங்கீங்க போய்க் குடிப்பாரு?" என்றேன் மூச்சு வாங்க. "அவரால நடக்க முடியாதுங்க தம்பி. சைக்கிள்தான் ஓட்ட முடியுமுங்க."

சொல்லும்போது எனக்கே அது பொய் மாதிரி இருந்தது. கான்ஸ்டபிள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரைச் சைக்கிளில் ஏற்ற அவரே ஒரு கை கொடுத்தார். இவர் மிதித்துப் போனதைப் பார்த்துவிட்டு, "எங்க அப்பாவுக்கும் கை நடுங்குதுங்க அம்மா" என்றார். தெருவுக்குள்ளேயே, காலை ஆறிலிருந்து ஆறரை வரைக்கும், ஒரு ஆள் மட்டும் என்று அனுமதித்தார். அந்த அரை மணியில்தான் எங்கள் நாள் இருந்தது. ஓட்டிவிட்டு வந்தால் மதியம் வரைக்கும் வீட்டுக்குள் கால் எழும்பும்.

ஆடி மாதம் தெருவில் ஒரு வீட்டுக்குக் கொரோனா வந்தது. தெருவைக் குறுக்கே தகரம் அடித்து அடைத்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து தகரத்துக்கு அறுபது அடி. யாரும் வெளியே வரக் கூடாது, இந்த முறை யாருக்கும் விலக்கு இல்லை. சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, ஹாலில் நிறுத்தி மிதிக்கச் சொன்னேன். மருத்துவரும் அது போதும் என்றார். இரண்டு நாள் மிதித்தார். மூன்றாம் நாள், "எங்கியும் போகமாட்டீங்குது" என்று நிறுத்திவிட்டார்.

ஒரு வாரத்தில் கட்டிலிலிருந்து எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. நான் ஒருத்திதான் இருந்தேன். மருத்துவர் சொன்ன 'படுத்துட்டா போச்சு' என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருநாள் அவரைத் தூக்க முடியாமல், "அப்ப படுத்தே கெடங்க, கெடந்து செத்துப் போங்க" என்று கத்திவிட்டேன். இந்த வரியை எழுத எனக்குப் பல நாள் ஆயிற்று. நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. எல்லோரும் என்றைக்காவது சொல்லியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் மாத்திரை கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்கும் வரை காத்திருந்து, தெருவுக்கு அழைத்து வந்து ஏற்றிவிட்டேன். செய்யக் கூடாது என்று தெரிந்தே செய்தேன். அறுபது அடிதான். தகரத்துக்கு முன்னால் திரும்பும் இடம் குறுகல், ஆனால் முதல் சுற்று நன்றாகத் திரும்பினார். இரண்டாவது சுற்றும் திரும்பினார். நான் வாசற்கல்லில் நின்று கண்காணித்தேன்.

மூன்றாவது சுற்றில் தகரத்துக்கு அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டது. போலீஸ் ஜீப் என்று நினைத்தேன். பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், சைக்கிளைப் பறித்துவிடுவார்கள் என்று பயம் வந்தது. "ஏனுங்க! வந்துருங்க!" என்று கத்தினேன். தெரு முழுக்கக் கூப்பிடக் கூடாது என்று சொல்லி வைத்தவள் நான்.

அவர் பாதி திரும்பியிருந்தார். "வாரேன்" என்றார். சொல்லிக்கொண்டே, எப்போதும் போல, பதில் சொல்வதற்காகக் காலைக் கீழே வைத்தார். அந்தக் கால் நகரவில்லை. உடம்பு நகர்ந்தது. சைக்கிள் அவர் மேல் சாய்ந்தது. தகரத்துக்கு அப்பால் வந்தது பால் வண்டி.

இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வரத் தகரத்தைப் பிரித்தார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்னால் கொரோனா பரிசோதனை முடிவு வர வேண்டும் என்று கோவையில் ஒரு மருத்துவமனையின் வராந்தாவில் இரண்டு நாள் கிடந்தோம். அங்கே ஒன்று கற்றுக்கொண்டேன். பார்க்கின்சன் மாத்திரையை மற்ற மாத்திரைகளோடு வார்டு நேரத்துக்குக் கொடுப்பார்கள். நம் நேரம் வேறு. ஒரு மணி தள்ளிப் போனாலும் உடம்பு பலகையாகிவிடும், விழுங்கவும் முடியாது. மாத்திரைச் சீட்டைப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலில் ஒட்டுங்கள். மாறி மாறி வரும் ஒவ்வொரு செவிலியரிடமும் சொல்லுங்கள். சண்டைக்காரி என்பார்கள், பரவாயில்லை.

தொடை எலும்பின் பந்தை எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்து வைத்தார்கள். இடுப்பு தேறியது, கால் தேறவில்லை. ஏழு வாரம் படுக்கையில் போனதை அவர் உடம்பு திரும்பக் கொடுக்கவே இல்லை. மருத்துவரிடம், நான் அன்றைக்கு ஏற்றிவிட்டிருக்காவிட்டால் நடந்துகொண்டிருப்பாரா என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். உண்மையைச் சொன்னார். எனக்கு அது போதவில்லை.

இப்போது சக்கர நாற்காலி. மாத்திரை வேலை செய்யும் நேரம், செய்யாத நேரம் என்று இரண்டே நேரங்கள்தான் வீட்டில் உண்டு. கடிகாரம் ஊருக்காக ஓடுகிறது. அவர் பேச்சு சன்னமாகிவிட்டது, ஒன்று கேட்டால் பதில் வர நேரமாகும். முதலில் காது கேட்கவில்லை என்று நினைத்து அதட்டினேன். அதட்டாதீர்கள். பதில் உள்ளே கிளம்பியிருக்கும், வந்து சேரத்தான் தாமதம். இட்லியா தோசையா என்று கேட்டுவிட்டு, போய் அரிசி களைந்து ஊறவைத்துவிட்டு வருவேன். அப்போதுதான் "தோசை" என்பார். என் உடம்பும் இதற்குப் பழகிவிட்டது. கடைவீதிக்குத் தனியாகப் போனாலும் கால் அவர் வேகத்துக்குத்தான் நடக்கிறது. பின்னால் வருகிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டு தாண்டிப் போகிறார்கள்.

விழுந்ததைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. போன மாதம் ஒரு முற்பகல், அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு நான் கூப்புட்டதுனாலதானுங்க நீங்க உழுந்தது?"

ஒரு கன்னம் முடித்தேன். ரேசரைக் கழுவினேன். அவர் உதடு அசைந்து அசைந்து நின்றது. காத்திருந்தேன். மற்றக் கன்னத்தில் நுரை வற்றிக்கொண்டிருந்தது.

"நீ எங்கெ கூப்புட்ட? எனக்குக் கேக்கவே இல்லியே."

எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் எனக்குப் பதில் சொன்னதை என் காதால் கேட்டவள் நான். ஆமாம், உன்னால்தான் என்று திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. தோசை என்ற ஒரு சொல்லுக்கு அவ்வளவு நேரம் எடுக்கிறவர், ஆறு சொல்லை ஒன்றுக்குப் பின் ஒன்றாக உள்ளிருந்து இழுத்துக்கொண்டு வந்து, ஒரு பொய்யாகக் கோத்து என்னிடம் கொடுத்திருக்கிறார். முகம் முழுக்க வியர்த்திருந்தது.

"அப்பிடீங்களா" என்றேன்.

காய்ந்த நுரையைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டு, மற்றக் கன்னத்தையும் முடித்தேன்.