ஊர்ப்பலகையில் சுண்ணாம்பு

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. தமிழை எழுத்துக் கூட்டாமல் வாசிப்பேன். ஆனால் அந்தக் காலத்தில் சங்கரன்கோவில் பஸ்களில் மாட்டியிருந்த ஊர்ப்பலகை எல்லாம் இங்கிலீஷ். தெரியாதவர்கள் கேட்டு ஏறிக்கொள்ள வேண்டியதுதான். முன்பின் தெரியாத ஆண்பிள்ளையிடம் வாய் திறந்து கேட்பது எனக்கு வராது. என்னைப் போன்ற பெண்கள் டிரைவரின் மீசையைப் பார்த்துத்தான் வண்டியை அடையாளம் வைத்திருந்தோம். கொம்பு மீசை என்றால் திருவேங்கடம்.

திருவேங்கடத்தில் அம்மா இடுப்பொடிந்து கிடந்தாள். வாரம் ஒரு நாள் நான் போய்த்தான் தலைக்கு ஊற்றிவிட வேண்டும். ஒருநாள் பஸ் முதலாளி டிரைவர்களை மாற்றிப் போட்டுவிட்டார். கொம்பு மீசை என்னைக் கடையநல்லூரில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. அம்மாவைப் பார்க்காமலே வீடு திரும்பினேன்.

“ஒரு பஸ்ஸு கேட்டு ஏறத் தெரியாதவளுக்கு ஊரு எதுக்கு? எனக்கு ஒழியும்போது நானே கூட்டிட்டுப் போறேன்” என்றார் வீட்டுக்காரர்.

அவருக்கு ஒழியவே இல்லை. அம்மாவின் தலை சடை பிடித்துவிட்டதாகச் சேதி வந்தது. சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் பலகையைச் சக்கரத்தில் சாத்தி வைத்துவிட்டு, “திருவேங்கடம், திருவேங்கடம்” என்று கூவிக்கொண்டிருந்தார். பேசாமல் ஏறியிருக்கலாம். அடுத்த வாரம் கூவாமல் நின்றால் என்ன செய்வது? அம்மாவுக்கு வாங்கிய வெற்றிலைப் பொட்டலத்தில் சுண்ணாம்பு இருந்தது. குத்தவைத்து, இங்கிலீஷுக்குக் கீழே ஊர்ப்பெயரை விரலால் தமிழில் எழுதினேன்.

“ஏ தாயி! பலகையில என்னத்தத் தடவுத?”

“ஊர்ப் பேரு” என்றேன், தலை நிமிராமல்.

“அதான் மேல எழுதியிருக்குல்லா?”

“அது படிச்சவங்களுக்கு அண்ணாச்சி. இது எனக்கு.”

“தெரியலைன்னா கேக்க வேண்டியதுதான? வாயில என்ன கொழுக்கட்டையா?”

“கேக்க மாட்டேன்.”

வண்டிக்குள்ளிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “நல்லா எழுது ஏட்டி! இனி எவன் மீசையையும் பாக்க வேண்டாம்.”

கண்டக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. “மொதலாளி பாத்தா என் வேலைக்கு உலை வச்சிருவாரு. அழிச்சிருவேன், பாத்துக்கோ.”

“அழிங்க. அடுத்த வாரமும் வருவேன்.”

அடுத்த வாரம் எழுத்து இல்லை. கண்டக்டர் கூவியதை வைத்து வண்டியைக் கண்டுபிடித்து மறுபடி எழுதினேன். வீட்டில் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் போவதை நிறுத்தவுமில்லை. கூச்சத்தை விடு, விடு என்று எல்லோரும் எனக்குத்தான் புத்தி சொன்னார்கள். பலகைக்கு ஒருவரும் சொல்லவில்லை. அம்மா கண்மூடும்வரை அவள் தலைக்கு என் கைதான் தண்ணீர் ஊற்றியது.