பியானோவுக்குள் ஒரு பல்பு

காரைக்காலில் இறங்கும்போதே சட்டை பிசுபிசுக்கிறது. மாண்டலினுக்கும் பியானோவுக்குமாக எழுதப்பட்ட மேற்கத்திய செவ்வியல் கான்செர்ட்டோ ஒன்றை நாளை இங்கே வாசிக்கப்போகிறோம். கடலோர ஊர், கார்த்திகை மழை. பள்ளி அரங்கத்துப் பழைய பியானோ என்ன கதியில் இருக்குமோ என்று வழியெல்லாம் கவலை.

பியானோ வாசிக்கும் தோழி அதன் கீழ்ப்பலகையைக் கழற்றுகிறாள். உள்ளே குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கிறது. அணைக்கப் போகிறாள்.

"அணைச்சிடாதீங்க," என்கிறார் அரங்கத்தைக் கவனித்துக்கொள்ளும், பக்கத்து ஊரான குரும்பகரத்துப் பெண்மணி. "ஈரத்துல கட்டையெல்லாம் அமுக்குனா எழும்ப மாட்டேங்குது. கோழிக்குஞ்சுக்குக் கதகதப்புக்குப் போடற பல்பு வீட்ல கெடந்துச்சு. மழை ஆரம்பிச்சதுலேந்து எரியுது."

"யாரு போடச் சொன்னாங்க?" என்கிறாள் தோழி.

"யாரும் சொல்லலைங்க. என்னைக்காச்சும் யாராச்சும் வாசிக்க வருவாங்கல்ல."

நாங்கள் வாசித்து முடிக்கும்வரை அவரே பல்பைக் கழற்றி வைத்துக்கொள்கிறார். தோழி வாசித்துப் பார்க்கிறாள். எல்லாக் கட்டைகளும் எழும்புகின்றன. சுருதி மட்டும் சற்று இறங்கியிருக்கிறது. அதனாலென்ன, என் மாண்டலினின் எட்டுத் தந்திகளையும் அதற்கேற்ப இறக்கிக்கொள்கிறேன். மெதுவான பகுதியை ஒருமுறை வாசிக்கிறோம். சூடு ஆறாத பல்பை முந்தானையில் பிடித்தபடி அவர் கடைசிவரை நின்று கேட்கிறார்.

முடிந்ததும் பல்பை அவரிடமிருந்து வாங்கி, மண்டியிட்டு, நானே திரும்ப மாட்டுகிறேன்.