மாடி வீட்டு தினகரனும் அவன் விட்டுவந்த பாஷைகளும்

சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு மாடிக்கு தினகரன் குடிவந்தது 2001-ம் வருஷம். சானடோரியம் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் வேலை. வந்த அன்றைக்கே கீழே என் கடைக்கு வந்து, நான் கேட்காமலே, கம்ப்யூட்டருக்கு வேலை சொல்ல இனிமேல் விபி என்ற ஒரே பாஷைதான் இருக்கும், மற்றதெல்லாம் ஒழிந்துபோகும் என்று தெரிவித்துவிட்டுப் போனான். நான் கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்கும் தேக்சா, நாற்காலி, ஷாமியானா வாடகைக்கு விடுகிறவன். உலகம் எந்தப் பாஷையில் நடக்கப்போகிறது என்ற விவரம் எனக்கு அவசரமாகத் தேவைப்படவில்லை. ஆனாலும் இவ்வளவு பெரிய விஷயம் நம் வாசலிலேயே முடிவாகிவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன்.

தங்கமான பிள்ளை. சத்தம் கிடையாது, சிகரெட் கிடையாது. நோன்பு மாதத்தில் கஞ்சி கொடுத்தனுப்பினால் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பான். அந்த நன்றிக்காகவோ என்னவோ, எந்தத் தேதிக்கு யார் வீட்டுக்கு என்னென்ன சாமான் போகிறது என்று காட்டுகிற ஒரு புரோகிராமை விபியில் எழுதி, பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் வாங்கிக் கொடுத்து, என் கடை மேசையில் வைத்தான். நன்றாக ஓடியது. அதுதான் அது செய்த தப்பு.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தான். விபியில் இன்னுமா எழுதுகிறாய் என்று கம்பெனியில் சிரிக்கிறார்களாம். அது விவரமில்லாதவர்கள் வைத்துக்கொள்ளும் பாஷையாம். மூன்று வேளையும் அதன் பெருமையைச் சாதத்தோடு பிசைந்து சாப்பிட்ட அதே வாய்தான். இப்போது பிஹெச்பி வந்துவிட்டதாம். என் புரோகிராமையும் அதற்கு மாற்றினான். இனிமேல் அமெரிக்காவில் இருந்துகொண்டே என் தேக்சாக்களைப் பார்க்கலாம் என்றான். அமெரிக்காவில் என் தேக்சாவைப் பார்க்க ஏங்கிக்கொண்டு யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அல்லாஹ் அறிவான்.

2005-ல் ஜாவா. அதன் விசேஷம், ஒரு தடவை எழுதினால் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடுமாம். என் கடையில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதுவும் மேசையை விட்டு எங்கேயும் போவதாக இல்லை. இருந்தாலும் வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. ராத்திரியெல்லாம் விழித்து ஒருத்தன் நமக்காக உழைக்கிறான், அது நமக்குத் தேவையா என்று கேட்பது நன்றிகெட்ட செயல் அல்லவா.

ஏன் தம்பி இப்படி மாறிக்கொண்டே இருக்கிறாய் என்று ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் காரணம் உண்டு. மார்க்கெட் அங்கேதான் இருக்கிறது என்பான். கிளையண்ட் மாறிவிட்டான் என்பான். பழையதில் பத்து வரி எழுதுவதைப் புதியதில் மூன்று வரியில் எழுதலாம் என்பான். மிச்சமான ஏழு வரிக்கான நேரத்தில் அடுத்த பாஷையைப் படித்துக்கொண்டிருப்பான்.

இந்த நிலைமையில்தான் அவனுக்கு ஒரு வரன் வந்தது. பீர்க்கன்கரணை சம்பந்தம் என்பவருடைய இளைய மகள் சுபத்ரா. சம்பந்தம் அந்த ஊரின் பழைய குடி. ஏரிப் பாசனத்தில் பயிர் செய்த குடும்பம், இப்போது மனைகளும் கடை வாடகையும். ஜாதகம் பொருந்திவிட்டது. போட்டோ பார்த்ததிலிருந்து தினகரன் மாடிப்படியில் இறங்குவதே வேறு மாதிரி இருந்தது. இரண்டு தடவை என்னிடம் வந்து, "பாய், அவங்க விசாரிக்க வந்தா கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றான். அவனுக்குத் தகப்பனார் இல்லை. தாயார் அரக்கோணத்தில். இந்தப் பக்கம் அவனைப் பற்றிச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை.

விசாரிப்பது என்றால் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். சொல்லாமல் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், பையன் பல் தேய்ப்பதற்குள் வருவார்கள். டீக்கடை, மளிகைக்கடை, கடைசியில் வீட்டுக்காரர். மே மாதம் பதினைந்தாம் தேதி காலை ஏழு மணிக்கு, வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் என் கடை நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோதே, இவர்தான் சம்பந்தம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்குக் கடையில் வேலையும் இல்லை. முந்தின நாள்தான் தினகரன் ஜாவா புரோகிராமைப் போட்டுக் கொடுத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஆர்டரும் இல்லை என்று அது சொல்லியிருந்தது. நானும் நிம்மதியாக ஃபஜ்ரு தொழுதுவிட்டு ஓதிக்கொண்டிருந்தேன்.

சம்பந்தம் சுற்றி வளைக்கவில்லை.

"பையன் குடிக்க மாட்டான், அது டீக்கடையிலயே சொல்லிட்டாங்க. எனுக்கு வேற ஒரு டவுட்டு பாய். நாலு வருஷத்துல மூணு பாஷை மாத்திட்டானாமே. மொத நாள் தலைமேல தூக்கி வெச்சிகினு ஆடறது, அப்பால இது சரியில்லன்னு கீழ போட்றது. நாளைக்கு எம் பொண்ணையும் அப்பிடி போட்டுட்டா?"

தொழுத ஈரம் காயாத நேரம். பொய் சொல்ல நாக்கு வரவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியாது, ஆமாம் என்றும் சொல்ல மனசில்லை. டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பால் நல்ல பால் என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது போன் அடித்தது. கோவிலம்பாக்கத்தில் இருந்து ஷாகுல். நிக்காஹ் வீடுகளுக்குப் பிரியாணி ஆக்குகிற பண்டாரி. எண்ணூறு பேருக்கு அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது, கறி வெட்டி ஆகிவிட்டது, அடுப்பு மூட்டி ஒரு மணி நேரம் ஆகிறது, அடுப்பின் மேல் வைக்கத் தேக்சாவைக் காணோம் என்றான். இவ்வளவு மரியாதையாக அவன் சொல்லவில்லை. அவன் சொன்னதைச் சம்பந்தமும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

கம்ப்யூட்டரைத் தட்டினேன். மே பதினைந்தில் ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்தால் கோவிலம்பாக்கம் நிக்காஹ் ஜூன் பதினைந்தில் உட்கார்ந்திருக்கிறது. தினகரனைக் கூப்பிட்டேன். லுங்கியும் பல்பொடியுமாக ஓடிவந்தவன், திரையைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"பாய், ஜாவால மாசத்தை சைபர்ல இருந்து எண்ணணும். ஜனவரின்னா சைபர், பிப்ரவரின்னா ஒண்ணு. பழைய ஆர்டரை எல்லாம் கொண்டு வரும்போது நான் அப்படியே அஞ்சுன்னு விட்டுட்டேன். அது ஜூன்னு எடுத்துக்கிச்சு."

"தேதியும் சைபர்லதான் ஆரம்பமா தம்பி?"

"இல்ல பாய். தேதி ஒண்ணுலதான் ஆரம்பம். மாசம் மட்டும்."

"அந்தப் பாஷை பேசறவங்க ஊர்ல யாரும் கல்யாணம் பண்ணிக்கறதில்லையா?"

எனக்குக் கோபம்கூட வரவில்லை. எங்கள் வாத்தியார் முதல் வகுப்பிலேயே ஒன்றிலிருந்து எண்ணக் கற்றுக்கொடுத்துவிட்டார். பதினாறு வருஷம் படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்து அதை மாற்றியிருக்கிறார்கள் என்றால் அதில் ஏதோ நன்மை இருக்கத்தான் வேண்டும். அதைப் பண்டாரி ஷாகுலுக்கு எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. அதற்குள் தினகரனுக்கு நாற்காலியில் இருப்பது யார் என்று புரிந்துவிட்டது. போட்டோவில் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றவர்தானே. அவன் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. வணக்கம் சொல்லக் கையைத் தூக்கினான், கையில் பல்பொடி இருந்தது. இறக்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமையானால் கிடங்கில் ஆள் வராது. டெம்போ ஓட்டும் தாவீது மட்டும் பக்கத்துத் தெருவில் இருந்தான். கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவனை, கர்த்தர் மன்னிப்பார் என்று நானே உத்தரவாதம் கொடுத்து இழுத்துவந்தேன். தினகரன் அந்த லுங்கியோடேயே கிடங்குக்குள் போய்த் தேக்சாவைப் புரட்ட ஆரம்பித்தான். வாழ்நாளில் மவுஸை விடக் கனமானதைத் தூக்காத கை. மூன்றாவது தேக்சாவில் மூச்சு வாங்கியது. சம்பந்தம் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அப்பிடி புடிக்காத, இடுப்பு போய்டும். காதைப் புடி" என்று மறுபக்கம் கை கொடுத்தார். வெள்ளை வேட்டியில் கரி கோடு கோடாக விழுந்தது. பையனை விசாரிக்க வந்தவர் பையனோடு சேர்ந்து சாமான் ஏற்றுவதை என் சம்சாரம் ஜஹீரா ஜன்னலில் இருந்து பார்த்துவிட்டு, வந்திருப்பது புதுக் கூலி ஆள் என்று நினைத்து அவருக்கும் சேர்த்து மோர் கொடுத்தனுப்பினாள்.

மோரைக் குடித்துவிட்டுச் சம்பந்தமும் எங்களோடு வண்டியில் ஏறிக்கொண்டார். கோவிலம்பாக்கத்தில் ஷாகுல் எங்களை வரவேற்ற விதத்தை எழுத வேண்டாம். நிக்காஹ் வீடு, நல்ல வார்த்தைகளே இருக்கட்டும். நான் வாயைத் திறப்பதற்குள் தினகரன் முன்னால் போய் நின்றான். ஜாவா, சைபர் எதையும் அவன் எடுக்கவில்லை. "என் தப்புதாண்ணா" என்றான். அதோடு விடாமல் தண்ணீர்க் குடம் தூக்கினான், விறகு தள்ளினான், முதல் தேக்சா அடுப்பேறி எண்ணெய் காய்கிற வரைக்கும் அங்கேயே நின்றான். பிரியாணி முக்கால் மணி நேரம் தாமதமாகத்தான் தம் விட்டது. அல்லாஹ் கிருபை, மாப்பிள்ளை வீட்டார் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார்கள்.

திரும்பும்போது வண்டி காலி. சம்பந்தத்தைப் பீர்க்கன்கரணையில் இறக்கிவிட்டுப் போகலாம் என்று முடிவானது. மூன்று பேரும் பின்னால் கோணிமேல் உட்கார்ந்தோம். வண்டி மேடவாக்கம் தாண்டி கேம்ப் ரோடு வந்தது. அங்கே சம்பந்தம் அவனையே நேராகக் கேட்டார், ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறாய் என்று.

தினகரன் ஆரம்பித்தான். மார்க்கெட், கிளையண்ட், மூன்று வரி. எனக்கு மனப்பாடம்.

"அதெல்லாம் பேப்பர்லயே போட்டுக்கீறான்," என்றார் சம்பந்தம். "நீ ஏன் மாத்துன?"

அவன் கரி பிடித்த விரல்களைக் கோணியில் தேய்த்தான். பிறகு, முதன்முதலில் தன்னோடு மாடியில் தங்கியிருந்த சிட்டிபாபுவைப் பற்றிச் சொன்னான். எனக்கும் சிட்டிபாபுவைத் தெரியும். ஃபாக்ஸ்ப்ரோ என்ற பாஷையில் கெட்டிக்காரன், அது சோறு போட்ட பாஷை, விடமாட்டேன் என்பான். 2002-ல் ஒரு வெள்ளிக்கிழமை அவன் கம்பெனி, அந்தப் பாஷையில் இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டது. விசுவாசத்துக்கு நன்றி தெரிவித்து ஒரு கைக்கடிகாரமும் கொடுத்தார்கள். எட்டு மாதம் இன்டர்வியூவுக்கு அலைந்தான். அப்புறம் ஊருக்குப் போய்விட்டான்.

"அவன் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நான்தான் சார் தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் போனேன். என்னை விட நல்லா எழுதுவான். எனக்கு எந்தப் பாஷை மேலயும் கோபம் இல்ல சார். எல்லாரும் கிளம்பிப் போனப்புறம் நான் மட்டும் நின்னுடுவேனோன்னு பயம். அதை வெளியே சொல்ல முடியுமா? அதான் பழசு மட்டம், புதுசு உசத்தின்னு சொல்லிக்கிறது."

நாலு வருஷமாக நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்குக் கிடைக்காத பதில் ஒரு காலி டெம்போவில் இவருக்குக் கிடைத்துவிட்டது. பெண்ணைப் பெற்றவர் கேட்பதற்கும் வீட்டுக்காரர் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்.

இரும்புலியூர் தாண்டியதும் சம்பந்தம் கையை நீட்டி வரிசையாக நின்ற வீடுகளைக் காட்டினார்.

"அதோ, மஞ்சள் பெயின்ட் வூடு தெரியுதா, அங்க இருந்து அந்த டேங்கு வரிக்கும் எங்க கழனி. ஏரித் தண்ணி பாயும். எனுக்கு விக்க இஷ்டமே கெடையாது. கெழக்கால ஒருத்தன் பிளாட் போட்டான். மேக்கால ஒருத்தன் போட்டான். வாய்க்காலை மூடி ரோடு போட்டுட்டானுங்க. நடுவுல நான் மட்டும் நாத்து வுட்டா தண்ணி எங்க இருந்து வரும்? நானும் கல்லு நட்டேன். சம்பந்தத்துக்குத் துட்டாசை புடிச்சிகிச்சுன்னு ஊரே பேசிச்சு. நானும் ஆமாம்னு சொல்லிட்டேன். பயந்துட்டேன்னு சொல்றத விட அது மேலு."

நான் மனசுக்குள் ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தேன். இந்தப் பிள்ளைக்கு என்ன எழுதியிருக்கிறதோ அது நல்லதாக இருக்கட்டும் என்று.

ஏரிக்கரைத் தெருவில் அவர் வீட்டுமுன் வண்டி நின்றது. சம்பந்தம் முதலில் இறங்கினார். தினகரன் மேலேயே உட்கார்ந்து, போய்வருகிறேன் என்று சொல்வதா வேண்டாமா என்று விழித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா உக்காந்துகினு கீற, எறங்கு மாப்ள. பாய், நீயும் வா. டீ சாப்ட்டு போலாம்."

அவன் இறங்கிய வேகத்தில் லுங்கி வண்டிக் கொக்கியில் மாட்டிக்கொண்டது. பெண் பார்க்கப் போகிறவர்கள் பூவும் பழமும் கொண்டுபோவார்கள். இவன் முழங்கை வரைக்கும் தேக்சாக் கரியோடு, ஒரு பக்கம் கிழிந்த லுங்கியோடு போனான். உள்ளே ஜன்னல் திரை அசைந்தது. ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு, உடனே அடங்கியது. அந்தச் சிரிப்பில் வேண்டாம் என்ற அர்த்தம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது தினகரன் என் காதோரம் குனிந்தான்.

"பாய், அடுத்த மாசம் டாட் நெட்டுக்கு மாறலாம்னு இருக்கேன். கோர்ஸுக்குப் பணம்கூட கட்டிட்டேன். இவர்கிட்ட இப்பவே சொல்லிடவா?"

"அவர் என்னைக் கேட்டா நான் மறைக்க மாட்டேன் தம்பி," என்றேன். "கேக்கற வரைக்கும் டீயைக் குடி."