மஞ்சளாகிப்போன வெள்ளை

வெளிச்சம் பூசுவது அவள் வேலை. காற்றில்லாத பெட்டிக்குள் ஒளிரும் பொடிகளைச் சூடாக்கி, கண்ணாடித் தகட்டில் ஆவியாகப் படியவிடுவாள். கொஞ்சம் நீலம், துளி ஆரஞ்சு. மின்சாரம் பாய்ந்தால் இரண்டும் கலந்து வெள்ளையாக ஒளிரும், மின்சாரத்தை வீணாக்காமல். ஆனால் நீலம் அற்பாயுசு ரகம். அது செத்தால் வெள்ளை மஞ்சளாகிவிடும்.

போன வாரம் செய்த தகடுகள் ஒரே காலையில் மஞ்சளாகிவிட்டன. எல்லோரும் நீலத்தைத்தான் ஏசினார்கள். அதை வருடக்கணக்காகச் சமைத்த வேதியியல்காரருக்கு ஆய்வுக்கூடத்தில் ‘நீலக்காரர்’ என்றே பேர். மதியக் கூட்டத்தில் அவருடைய பொடியைக் கைவிடப் போவதாகப் பேச்சு.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பெட்டியோடு பொருத்திய ரப்பர் கையுறைக்குள் மோதிரத்தோடு கைவிடக் கூடாது. கல் கீறினால் காற்று புகும், நீலம் தேறாது. அவள் மோதிரத்தோடுதான் விட்டாள். சோப்பு போட்டு இழுத்தும் கழலாத அளவுக்கு விரல் வீங்கியிருந்தது. இன்று காலைதான் கையுறையில் கிழிசலைப் பார்த்தாள்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவளுக்கோ இரண்டு கனம். முன்பு இரண்டு முறை ஊருக்கெல்லாம் சொல்லி, இரண்டு முறையும் கரு கலைந்தது. இந்த முறை வெளியூரில் வேலை பார்க்கும் கணவனிடம்கூட மூச்சுவிடவில்லை. கர்ப்பிணிகள் அந்தப் பெட்டி இருக்கும் அறைக்குள் போகக் கூடாது. ரசாயன நெடி ஆகாது. தெரிந்தும் போனாள், மூச்சை அடக்கி அடக்கி. வாயைத் திறந்தால் போய்விடுமோ என்ற பயம் அவளை அந்த முட்டாள்தனத்தையும் செய்யவைத்தது.

கூட்டத்தில் ஆய்வுக்கூடத் தலைவி கேட்டார்: “அப்ப இந்த நீலத்த நிறுத்திடலாமா?”

“நிறுத்துங்க மேடம். நான் என்ன சொல்ல?” என்றார் நீலக்காரர்.

அவள் எழுந்தாள். “வேண்டாம் மேடம். கையுறை கிழிஞ்சிருக்கு. நான் மோதிரத்தோட கைய விட்டுட்டேன்.”

“கழட்டி வைக்கத் தெரியாதா? நேத்தா வேலைக்குச் சேர்ந்த?”

“கழல மாட்டேங்குது மேடம்.” வீங்கிய விரலை நீட்டிக் காட்டினாள். “நான்... மாசமா இருக்கேன்.”

நீலக்காரர்தான் முதலில் எழுந்து வந்தார். தன் பொடி பிழைத்தது அவர் மனதில் ஏறவே இல்லை.

“ஏம்மா, இத முதல்லயே சொல்லக் கூடாதா? நீலம் போனா இன்னொண்ணு செஞ்சுக்கலாம்.”

“சொன்னப்பல்லாம் போயிடுச்சு சார்,” என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “இப்பவும் சொல்லிட்டேனே.”