யார் கெடுத்த பேட்டரி

அந்த மலையூர்த் தெருவில் அவளை நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்களின் வீடு தேடிப்போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது அவள் வேலை. அதற்காகவே தன் சம்பாத்தியத்தில் ஒரு பழைய கார் வாங்கியிருந்தாள். கோடை முழுக்க மாடாய் உழைத்த அந்தக் கார், குளிர் இறங்கியதும் சண்டித்தனம் செய்தது. அதுவும் திங்கட்கிழமைகளில். சாவியைத் திருகினால் டிக் டிக் என்று ஒரு சத்தம், அதோடு சரி.

புருஷன் போர்வைக்குள்ளிருந்தபடியே நியாயம் சொல்வான். "லைட்டை அணைக்காம இறங்கியிருப்ப."

"அணைச்சேன்."

"அப்ப பேட்டரிக்குப் பேய் பிடிச்சிருக்கு."

கொழுந்தன் அதற்கும் ஒரு படி மேலே. ஞாயிறுதோறும் காரை இரவல் வாங்கிப் போகிறவன், சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எங்கிட்ட தங்கமா ஓடுது அண்ணி. எல்லாம் ஓட்டுற கையில இருக்கு," என்பான். அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

ஒரு திங்கட்கிழமை பேட்டரி அடியோடு டவுன். பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பி அவள் போய்ச் சேர்வதற்குள், காலில் சர்க்கரைப் புண் வந்த பெரியவரின் கட்டு நனைந்து படுக்கை வரை ஊறியிருந்தது. அவர் காலை மெல்ல நீட்டிக் கொடுத்தார். மகள்தான், "உங்களால முடியலன்னா சொல்லிடுங்க, வேற ஆள் பாத்துக்கறோம்," என்றாள். அந்தச் சொல் முள்ளாய்த் தைத்தது.

அங்கிருந்து நேரே பேட்டரிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தார். "வீட்ல ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?"

"வண்டி என்னுது. பேச்சையும் என்கிட்டயே வச்சுக்குங்க."

அவர் மறுபேச்சின்றி மீட்டர் வைத்துப் பார்த்தார். "டைனமோ நல்லாத்தான் இருக்கு. குளிர்ல பேட்டரிக்குத் தெம்பு குறைஞ்சிடும்மா. அதையும் யாரோ அடிக்கடி வத்தடிச்சிருக்காங்க. எஞ்சினை நிறுத்திட்டு ரேடியோ கேக்கறவங்க உண்டா?"

திங்கட்கிழமைகளில் சீட் பின்னால் தள்ளிக் கிடப்பதும், ரேடியோ முள் கிரிக்கெட் வர்ணனை நிலையத்தில் நிற்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இனி எவன் கையையும் எதிர்பார்ப்பதில்லை என்று முடிவுகட்டி, புது பேட்டரி வாங்கி, கடைக்காரர் முறை சொல்லச் சொல்லத் தானே மாற்றினாள். கறுப்பு ஒயரை முதலில் கழற்றி, பிறகு சிவப்பு. வெள்ளையாய்ப் பூத்திருந்த ஒயர் முனைகளைச் சோடா உப்பு கரைத்த வெந்நீரில் கழுவித் துடைத்தாள். புதிய பேட்டரியை வைத்து, இம்முறை சிவப்பை முதலில் மாட்டிக் கறுப்பைக் கடைசியில் முடுக்கி, கிரீஸ் தடவினாள்.

ஞாயிறன்று கொழுந்தன் வந்து கை நீட்டினான்.

"சாவி கிடையாது தம்பி. எஞ்சினை அணைச்சுட்டு ரேடியோவைப் போட்டு எங்க உக்காந்திருப்பீங்க?"

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் சுவரைப் பார்த்தான்.

"பாலத்துக்குக் கீழ," என்றான் கொழுந்தன். "வீட்ல ஒரே கூச்சல் அண்ணி. கொஞ்ச நேரம் நிம்மதியா இருக்கலாம்னு..."

"உங்க நிம்மதிக்கு என் நோயாளி ஈரத்துல கிடக்கணுமா? செஞ்சது நீங்க, ஓட்டத் தெரியாதவ நானா?"

அவன் விருட்டென்று வெளியேறினான். புருஷன் முனகினான். "கூடப்பிறந்தவன் மனசை நோகடிச்சுட்டியே."

"என் மனசு என்ன இரும்பா? குளிர் தொடங்கினதுலேர்ந்து நீங்க சொன்னதெல்லாம் எந்தக் கணக்குல சேரும்?"

கொழுந்தன் அந்தக் குளிர்காலம் முடியும்வரை இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. கார் மட்டும் தினமும் முதல் திருகலிலேயே கிளம்பியது. ஒரு காலை அவள் இறங்கி வந்தபோது, புருஷன் முன்கண்ணாடியில் படிந்திருந்த உறைபனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். மன்னிப்பு என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. அவளும் நன்றி சொல்லாமல் ஏறிக் கதவைச் சாத்தினாள்.